எங்கள் அம்மன், என் ஆத்தா

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு சிறிய அம்மன் கோயிலுக்குப் பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். கூட்டக் குறிப்பு எழுதுவது, சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புவது, திருவிழா அழைப்பிதழில் ஒற்றுப்பிழை பார்ப்பது, கூடாரக்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் போன் செய்வது, இவ்வளவுதான். கையெழுத்து அழகாக இருந்ததால் வந்த வினை.

கும்பாபிஷேகம் நெருங்கியபோது மலர் ஒன்று வெளியிடுவதாக முடிவானது. கோயில் வரலாற்றை நான் எழுத வேண்டும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள் ஒரு மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்டார்கள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே பழைய குறிப்பேடுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பாதிக்கு மேல் என் கையெழுத்துதான்.

மூன்றாம் இரவோ நான்காம் இரவோ ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கூரை ஒழுகிய கூட்டங்களில் நான் "ஆலயம்" என்று எழுதியிருக்கிறேன். நன்கொடை திரட்டும் தீர்மானங்களில் "நம் அம்மன்". சண்டை நடந்த கூட்டங்களில் மட்டும் "எங்கள் அம்மன்". யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதில்லை. பேசியவர்கள் அப்படிப் பேசியிருக்கிறார்கள், என் பேனாவும் பின்னாலேயே ஓடியிருக்கிறது.

"என் அம்மன்" என்பது ஓரிடத்தில்கூட இல்லை. கூட்டக் குறிப்பில் அது எப்படி வரும் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு என் வாயையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. ஐம்பது வயதை நெருங்கும் ஒருவன், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், தெய்வத்தைப் பற்றி "எங்கள் கோயில்", "அம்மா கும்பிடுகிற சாமி", "நம் சமயம்" என்றெல்லாம் பேசியிருக்கிறேன். ஒருமையில் ஒரு தடவைகூடப் பேசியதாக நினைவில்லை.

அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன், பெயர்கள் வேண்டாம். இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டுக் கொள்ளுத்தாத்தா கப்பலேறும்போது ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்தாராம். மற்ற வீட்டுப் பாட்டனார் முதல் கல்லை நட்டாராம். ஆடித் திருவிழாவில் யார் வீட்டுத் தாம்பாளம் முதலில் உள்ளே போவது என்று தகராறு. "எங்கள் தாத்தா கொண்டுவந்த அம்மன்" என்றார் ஒருவர். "எங்கள் தாத்தா இல்லாவிட்டால் உங்கள் அம்மன் வேட்டி முடிச்சிலேயே இருந்திருப்பாள்" என்றார் மற்றவர். இரண்டையும் வரி விடாமல் எழுதிவைத்திருக்கிறேன். அன்றிரவு கருவறைச் சாவி ஒரு தரப்போடு வீட்டுக்குப் போய்விட்டது. காலையில் குருக்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மூன்று நாள் அபிஷேகம் இல்லை, விளக்கு இல்லை, ஒரு பிடிச் சோறு இல்லை. இரண்டு தரப்பும் எங்களுடையவள் என்று அடித்துக்கொண்டவள் பட்டினி கிடந்தாள்.

அந்த மூன்று நாளும் என் அம்மா காலையில் ஒரு தூக்கில் பால் எடுத்துப் போய்ப் பூட்டிய கதவின் முன் வைத்துவிட்டு வந்தார். நான் அவசரக் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். "என் ஆத்தா அங்கே பசியோடு இருக்கிறாள், நீ இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிரு" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த "என்" என்பதைக் கவனிக்கவே இல்லை.

அம்மாவுக்கு அது பிறந்ததிலிருந்து வாயில் ஊறிய சொல். சோறு வடித்தால் முதல் கைப்பிடி சமையலறை மூலையில் இருந்த படத்துக்குப் போகும். பேச்சு வேறு நடக்கும். பேச்சு என்றால் துதி இல்லை, பெரும்பாலும் வசவு. "ஏனடி ஆத்தா, உனக்குக் கண் அவிந்துபோயிற்றா? எத்தனை நாளாய்ச் சொல்கிறேன்!" அப்பாவின் வேலை போனபோது ஒரு வாரம் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஆனால் அந்த வாரமும் முதல் கைப்பிடி நிற்கவில்லை. கோபம் வேறு, சாப்பாடு வேறாம். அடுத்த வீட்டுக்காரியை யாரும் இப்படித் திட்டமாட்டார்கள். உரிமை உள்ள இடத்தில்தான் வசவு வாய்க்கும்.

2019 இல் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பொது மருத்துவமனையில் கிடந்தார். பார்வையாளர் நேரத்தில் நான் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். கோயிலிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். மேடையில் "எங்கள் அம்மன்" என்று மேசையைத் தட்டுகிறவர். அம்மாவின் கையைத் தொட்டு, "கவலைப்படாதீர்கள், உங்கள் அம்மன் உங்களைக் கைவிடமாட்டாள்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் கட்டிலருகே வந்ததும் அவள் "உங்கள் அம்மன்" ஆகிவிட்டதை என் செயலாளர் காது பிடித்துக்கொண்டது. வலி வந்த வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போவதுபோல இருந்தது.

"உங்கள்" என்ற சொல்லே தள்ளிவைக்கும் சொல் என்று நான் முடிவுகட்டியிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிறிஸ்தவ அம்மாள் அதைக் கெடுத்துவிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மாலை அவர் என் அம்மாவிடம், "அக்கா, நீங்கள் உங்கள் சாமியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். "ஆத்தா என்பேன்." "சரி, உங்கள் ஆத்தாவிடம் நீங்கள் சொல்லுங்கள். என் ஆண்டவரிடம் நான் சொல்கிறேன்." அதே "உங்கள்" தான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சொன்னது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது இன்றுவரை நான் கைக்கொள்வது இதைத்தான்: ஆறுதல் சொல்வதற்கு முன் அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்பது, பிறகு அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்வது. என் சொல்லை அவர் வாயில் திணிப்பதில்லை.

அன்று மாலை அந்த அம்மாளின் பிள்ளைகள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று தாழ்ந்த குரலில் ஜெபித்தார்கள். "எங்கள் பிதாவே" என்று தொடங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் குறிப்பேடு படித்த மூளை, "இவர்களும் எங்கள் என்கிறார்களே, நம் பிதாவே என்றல்லவா இருக்க வேண்டும்" என்று குறுக்கே புகுந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. "நம்" என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், "எங்கள்" சேர்க்காது. இங்கே கேட்பவர் கடவுள். "நம் பிதாவே" என்று அவரிடமே சொன்னால் அவருக்கும் ஒரு தகப்பனைத் தேட வேண்டியிருக்கும். தெய்வத்தை நேருக்கு நேர் அழைக்கும்போது "எங்கள்" என்பதுதான் இலக்கணம். மலாயிலும் இப்படியேதான்: கித்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். மலாய் மொழிக் கிறிஸ்தவர்களின் அதே ஜெபத்தில் "பாப்பா காமி" என்றுதான் வரும்.

மறுநாள் காலை அம்மாவை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, எதிர்க் கட்டில் மலாய்ப் பாட்டியின் கணவர் என் தோளைத் தட்டி, "கித்தா டோவா சாமா-சாமா" என்றார். சேர்ந்து வேண்டிக்கொள்வோம். காமி என்று சொல்லியிருந்தாலும் தவறில்லை, எங்கள் குடும்பம் வேண்டிக்கொள்கிறது என்று ஆகியிருக்கும். கித்தா என்றார்.

ஆக, சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்தியை அளக்க முடியாது. சொல் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தெய்வத்தின் பக்கம் திரும்பிச் சொன்னால் "எங்கள்" என்பது கையேந்தல். அதையே மனிதர்கள் பக்கம் திரும்பிச் சொன்னால் நிலப்பட்டா. "என் ஆத்தா" என்று அம்மா சுவர்மூலையைப் பார்த்துச் சொன்னதும், "எங்கள் தாத்தா கொண்டுவந்த அம்மன்" என்று சாவிக்காரர் எங்களைப் பார்த்துச் சொன்னதும் இலக்கணத்தில் ஒரே ஆறாம் வேற்றுமைதான். முகம்தான் வேறு.

இந்தக் காது வந்த பிறகு தைப்பூசத்தைக் கேட்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. பத்துமலையில் 272 படிகளின் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். 2006 இல் எழுந்த 140 அடி முருகனின் காலடியில் வழக்கம்போல உலகமே நின்றது. ஒரு சீன இளைஞர் அலகு குத்திக் காவடியோடு போனார். எனக்குப் பக்கத்தில் நின்றவர் பெருமையோடு, "பார்த்தீர்களா, சீனர்களே நம் சாமியைக் கும்பிடுகிறார்கள்" என்றார். நானும் எத்தனையோ முறை இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த "நம்" முக்கால் பங்கு "எங்கள்" தான். காவடி சுமந்து போகிறவனை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, கன்னத்தில் வேல் தாங்கிப் போகிறவன் விருந்தாளி, மோர்ப்பந்தலில் நிற்கும் நாங்கள் வீட்டுக்காரர்கள்!

கடவுளின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பது நம் நாட்டில் நீதிமன்றம் வரை போன கேள்வி. அல்லாஹ் என்ற சொல்லை ஒரு கத்தோலிக்க வார இதழ் தன் மலாய்ப் பக்கங்களில் பயன்படுத்தலாம் என்று 2009 இறுதியில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2013 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014 இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. சட்டம் எனக்குத் தெரியாத துறை. ஒரு தாம்பாளத்துக்காகக் கருவறையைப் பூட்டிய கோயிலின் செயலாளர், அடுத்தவர் வழக்கைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை.

மலர் வேலை முடிந்த பிறகு ஒரு மண்டலம் எனக்கு நானே ஒரு விரதம் வைத்துக்கொண்டேன். மனிதர்களிடம் பேசும்போது தெய்வத்துக்கு முன்னால் என், எங்கள், நம் எதையும் போடுவதில்லை. தெய்வத்திடம் பேசும்போது மட்டும் போடலாம். முதல் பாதி வேடிக்கையாகப் போனது. கூடாரக்காரரிடம் போனில், "எங்கள் அம்... அம்மன் கோயிலிலிருந்து பேசுகிறேன்" என்று திக்கினேன். கோயிலைப் பற்றி வீட்டில் பேசுவதற்கு என்னிடம் இருந்தவற்றில் பெரும்பகுதி உரிமைப் பேச்சு என்பது பத்து நாளில் தெரிந்துவிட்டது. அதை நிறுத்தியதும் சாப்பாட்டு மேசை அமைதியாகிவிட்டது. மனைவி உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

இரண்டாம் பாதிதான் கடினம். சன்னிதியில் நின்று "என் தாயே" என்று சொல்லப் பார்த்தேன். பழகாத ஒருவரைச் செல்லப் பெயரிட்டு அழைப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் மின்கட்டண நிலுவையைச் சொன்னேன். செயலாளர் புத்தி. மறுநாள் கூரைத் தகடு. அதற்கடுத்த நாள் பொருளாளரைப் பற்றி ஒரு புகார். ஒரு வாரம் அறிக்கை வாசித்தேன். முப்பதாம் நாள் வாக்கில், அம்மாவின் எலும்பு சரியாகக் கூடவில்லை, மறுபடியும் அறுக்க வேண்டியிருக்கலாம் என்று போன் வந்தது. ஜாலான் ஈப்போ நெரிசலில் காருக்குள் இருந்தேன். "அம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எந்த அம்மாவைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு முன்னால் "என்" வந்ததா என்றால், வரவில்லை. விரதம் முடிந்த கணக்கு இவ்வளவுதான், மிகைப்படுத்த விரும்பவில்லை.

செயல்முறையில் மாறியது ஒன்று உண்டு. அதன்பின் எழுதிய குறிப்புகளில் அம்மனுக்கு முன்னால் ஒட்டுச்சொல் எதுவும் போடவில்லை. "எங்கள்" என்பதைக் கடனுக்கும் தவறுக்கும் ஒதுக்கினேன். எங்கள் நிலுவை, எங்கள் கவனக்குறைவு, எங்கள் தாமதம். தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கூட்டங்கள் அரை மணி நேரம் முன்னதாகவே முடிந்தன. உங்கள் கோயிலிலும் செய்து பார்க்கலாம், செலவில்லை.

தேவார வகுப்பு ஆசிரியர் ஒருவர் எனக்கு இன்னொரு கதவைத் திறந்துவிட்டார். கூட்டு வழிபாட்டில் "தென்னாடுடைய சிவனே போற்றி" என்று முதல் குரல் கொடுப்பவன் நான். தென்னாட்டவருடைய சிவன், நம் ஆள், பிறகு பெருந்தன்மையாக எந்நாட்டவர்க்கும் இறைவன் என்றே அதுவரை பொருள்கொண்டிருந்தேன். "யார் எதை உடையவர் என்று பாருங்கள்" என்றார் ஆசிரியர். தென்னாட்டை உடைய சிவன். உடையவன் அவன், உடைமை நாடு. நான் முப்பது ஆண்டு உரக்கச் சொல்லிவந்த வரியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். தமிழில் ஆண்டவன் என்றாலே ஆண்டுகொண்டவன். சம்பந்தரை ஆளுடைய பிள்ளை என்கிறார்கள், சுந்தரரை ஆளுடைய நம்பி என்கிறார்கள். நம் முன்னோர் பத்திரத்தை அவன் பெயரில் எழுதிவைத்துவிட்டார்கள். நாங்கள்தான் சாவிக்கு அடித்துக்கொண்டோம்.

"நம்" என்று சொல்ல யாருக்கு வாய்க்கும் என்பதற்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். பல ஆண்டு கழித்து அவர் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறொரு மூர்த்தி இருந்தார். பழையவர் எவர் என்று அடையாளம் சொல்ல ஊரில் ஆள் இல்லை. முதிய வண்ணார் ஒருவர், பெருமாளின் துணி துவைத்தவர், இரண்டு மூர்த்திகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும், அதாவது நீராட்டில் நனைந்த உடையைப் பிழிந்த நீரையும், சுவைத்துப் பார்த்து, "இவரே நம் பெருமாள்" என்றாராம். அதனால்தான் நம்பெருமாள் என்று பெயர். கல்வெட்டும் பரம்பரையும் கைவிட்ட இடத்தில் அழுக்குத் துணி துவைத்தவரின் நாக்கு சாட்சி சொல்லியிருக்கிறது. எங்கள் கோயிலில் பெருக்கிக் கோலமிடும் பாட்டியைப் பொதுக்கூட்டத்தில் ஒருமுறையாவது பேசச் சொல்லியிருக்கிறோமா என்று குறிப்பேட்டில் தேடிப் பார்த்தேன். அவர் பெயர்கூட இல்லை, "துப்புரவுச் செலவு" என்று ஒரு வரி.

என் மகன் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் ருக்குன் நெகாராவை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். 1970 இல் அறிவித்த மலேசியாவின் ஐந்து தேசியக் கோட்பாடுகள். முதலாவது, கெப்பெர்சாயான் கெப்பாடா துஹான், இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். "யாருடைய இறைவன் என்று போடவில்லையே அப்பா" என்றான். போடவில்லைதான். நான் நூறு முறை ஒப்பித்திருந்தும் பார்க்காதது. பிறகு சமையலறை மூலையைக் காட்டி, "அது பாட்டியின் சாமிதானே?" என்றான். "நம் சாமி என்று சொல்" எனத் திருத்த வாய் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சோறு வைத்தது பாட்டி.

அம்மாவுக்கு எலும்பு கூடியது, நினைவு கரைந்தது. முதலில் பேரன் பெயர், பிறகு தெருப் பெயர், போன ஆண்டு என் பெயர். சோற்றுப் பானையின் முதல் கைப்பிடியை இப்போது என் மனைவி வைக்கிறாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

சென்ற வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சன்னிதிக்கு நேரே நிறுத்தினேன். அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்நியரிடம் கேட்பதுபோல, "இது யார் வீட்டுப் பெண், இப்படித் தனியாக நிற்கிறாளே?" என்றார்.

"உங்களுடையவள்தான் அம்மா. உங்கள் ஆத்தா."

"என்னுடையவளா?" அம்மாவின் முகத்தில் கொஞ்சம் பதற்றம் வந்தது. "அப்படியென்றால் ஏன் வெளியில் விட்டு வைத்திருக்கிறீர்கள்? சாப்பிட்டாளா என்று கேள்."

அந்த நேரம் பார்த்துக் குருக்கள் நைவேத்தியத்துக்குத் திரை போட்டார். "இப்போதுதான் சாப்பிடுகிறாள்" என்றேன். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, திரை விலகும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.